இரண்டாவது திரை யாருக்கு?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களைப் பயன்படுத்துவது பற்றி நான் பேசுவேன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு லிஃப்டில் ஒருவர் கேட்டார்: "சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்க இந்தக் கட்டடத்துல இத்தனை பேர் இருக்காங்களே மேடம், நீங்க எப்படி மாட்டினீங்க?" நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் சங்கக் கணக்கை எழுதுவது நான்தான். அதை இரண்டு திரை வைத்துத்தான் எழுதுகிறேன். அதோடு பராமரிப்புத் தொகை விஷயமாக எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்குகிறவள் என்பதால், எந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்பது செயலாளரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் வங்கியைப் பற்றிக் கொஞ்சம். உங்களில் வயதானவர்களுக்குப் பழைய சேமிப்புக் கணக்குக் கவுண்டர் நினைவிருக்கும். எதிரே சாய்வாகப் பெரிய லெட்ஜர் திறந்திருக்கும். இடது கையில் பணம் எடுக்கும் படிவம். பக்கத்தில் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் அடுக்கிய டிராயர். லெட்ஜரில் இருப்பு எவ்வளவு, படிவத்தில் தொகை எவ்வளவு, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கண் பார்க்கும். தலை திருப்பினால் போதும். யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு மூன்று திரை வைத்திருப்பவர்கள் செய்வதைத்தான் நாங்கள் காகிதத்தில் செய்துகொண்டிருந்தோம்.

1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது. வங்கிகளில் இயந்திரமயம் என்ற பேச்சு அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. கிளைகளுக்கு ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் வந்தன. பிறகு முழுக் கிளையும் கம்ப்யூட்டரானது. அதன் பிறகு கோர் பேங்கிங். இதெல்லாம் வாடிக்கையாளருக்குப் பெரிய வசதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கவுண்டரில் இருந்தவர்களுக்கு ஒன்று நடந்தது. ஒரு பெரிய மேஜை முழுக்கப் பரப்பி வைத்துப் பார்த்த வேலையை 14 அங்குலப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். இருப்பைப் பார்க்க ஒரு மெனு. அதை மூடிவிட்டு வெளியே வந்தால் பதிவுக்கு இன்னொரு மெனு. கையெழுத்துக்கு வேறு ஒன்று. ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று மறைந்துவிடும். நடுவில் எண்ணை எங்கே வைத்துக்கொள்வது? மனதில்தான்.

மனதில் எண்ணைச் சுமப்பதில் என்ன ஆபத்து என்பது கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். 3,540 என்று பார்த்துவிட்டு 3,450 என்று எழுதிவிடுவோம். இலக்கம் இடம் மாறிவிடும். மாதக் கடைசியில் லெட்ஜரைக் கூட்டிப் பொதுப் பேரேட்டோடு சரிபார்க்கும்போது 90 ரூபாய் உதைக்கும். சீனியர்கள் உடனே கேட்பார்கள்: "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதா?" இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 54-ஐ 45 என்று எழுதினால் 9. 82-ஐ 28 என்று எழுதினால் 54. அதனால் 9-ஆல் வகுபட்டால் முதலில் இடம் மாறிய எண்ணைத்தான் தேடுவோம். எத்தனையோ இரவுகள் அந்த ஒன்பதைத் தேடியே போயிருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாவது மானிட்டர் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். பார்க்க வேண்டிய இரண்டு விஷயமும் ஒரே சமயத்தில் கண்ணெதிரே இருந்தால், எண்ணை மனதில் சுமந்துகொண்டு அங்கேயும் இங்கேயும் ஓட வேண்டியதில்லை. திரை பெரிதாவதோ, மேஜை கம்பீரமாகத் தெரிவதோ எனக்குப் பொருட்டில்லை.

நம் சங்கக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது திரையில் வங்கி ஸ்டேட்மென்ட். வலது திரையில் வீட்டு எண் வாரியாக நான் வைத்திருக்கும் எக்செல் பேரேடு. நம்மில் பெரும்பாலானோர் கட்டும் தொகை ஒன்றேதான். அதனால் தொகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பெயரை வைத்துப் பார்க்கலாம் என்றால், ஒரு வீட்டுக்கு அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரில் பணம் வரும், இன்னொரு வீட்டுக்கு வாடகைக்கு இருப்பவரின் அண்ணன் பெயரில் வரும், மூன்றாவது வீட்டுக்கு ஏதோ டிரேடர்ஸ் என்று வரும். யு.பி.ஐ.யில் அனுப்பினால் 12 இலக்கக் குறிப்பு எண். நெஃப்ட் என்றால் 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. இவற்றை நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே திரையில் இதைச் செய்தால் ஆல்ட் டேப், ஆல்ட் டேப் என்று விரல் தட்டிக்கொண்டே இருக்கும். ஆறு இலக்கம் பார்த்து, தாவி, ஆறு இலக்கம் சரிபார்த்து, மறுபடி தாவி. இரண்டு திரையில் கண் மட்டும் நகர்கிறது. மாதக் கணக்கு ஒப்பிட எனக்கு முன்பு இரண்டு நாள் மாலை முழுக்க ஆகும். இப்போது ஒரு மாலையில் முடிந்து, சீரியலுக்கும் நேரம் இருக்கிறது.

இந்த வசதி ஒன்றும் புதிதல்ல. ஆப்பிளின் மெக்கின்டோஷ் 2 கம்ப்யூட்டரில் 1987-லேயே ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர் மாட்டலாம். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 98 வந்தபோதே அது உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அன்றைக்கு மானிட்டர் என்றால் டிவிப் பெட்டி மாதிரி கனம், இரண்டு வைக்க மேஜை தாங்காது, விலையும் தாங்காது. தட்டைத் திரை வந்து விலை இறங்கிய பிறகுதான் சாதாரண வீட்டுக்கு வந்தது. கொரோனாவில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது பரவலானது. இதனால் வேலை வேகமாகிறது என்று ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2003-ல் ஒன்று நடந்தது. கூடுதல் திரையில் வேலை வேகமாகவும் பிழை குறைவாகவும் நடந்தது என்றார்கள். அந்த ஆய்வுக்குத் துணை நின்றவர்களில் மானிட்டர் தயாரிப்பவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆடிட் பழக்கம், என்னை மன்னிக்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இது நிச்சயம் உதவும். கணக்கு, மொழிபெயர்ப்பு, புரோகிராம் எழுதுவது, ஆன்லைனில் பாடம் நடத்துவது, இதெல்லாம் அந்த வகை. ஆன்லைன் டீச்சருக்கு ஒரு திரையில் பாடமும் இன்னொன்றில் பிள்ளைகள் முகமும் தெரிந்தால்தான் யார் தூங்குகிறார்கள் என்று தெரியும். ஒன்றையே படிப்பதற்கும், ஒரு கடிதம் எழுதுவதற்கும் ஒரு திரை போதும். இன்னொன்று இருந்தால் அதில் யூடியூப்தான் ஓடும்.

திரை கூடினால் புத்தியும் கூடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறவர்கள் நம் கட்டடத்திலும் இருக்கிறார்கள். நாலு திரை, ஆறு திரை, எல்லாவற்றிலும் சிவப்பும் பச்சையும். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஒரு கோடிக்கும் அதிகமான பேரைக் கணக்கில் எடுத்துச் சொன்னது. மீதி ஏழு பேர் எத்தனை மானிட்டர் வைத்திருந்தார்கள் என்று செபி சொல்லவில்லை. ஓய்வூதியப் பணத்தை எடுத்து இதில் போடலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்: வேண்டாம் சார்.

இனி, வாங்குகிறவர்களுக்கு. 24 அங்குல மானிட்டர் ஒன்று எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. 32 அங்குலம் வரைக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு மேல் 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. ரிச்சி தெருவுக்குப் போனால் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாரண்டி கிடையாது. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, உங்கள் லேப்டாப் எத்தனை வெளித்திரையைத் தாங்கும் என்பது. ஆப்பிள் மேக்புக் ஏரில் எம்1, எம்2 சிப் உள்ளவற்றுக்கு நேரடியாக ஒரு வெளித்திரைதான். இரண்டு வாங்கிக்கொண்டு வந்து ஒன்று இருட்டாக நின்றால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். இரண்டாவது, சி-டைப் துளை. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜ் மட்டும், சிலவற்றில் தகவல் மட்டும். ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் குழப்பம் குறைவு.

வீட்டில் இருக்கும் டிவியையே இரண்டாவது திரையாக்கலாமா என்று கேட்கிறார்கள். படம் வரும். ஆனால் டிவி எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கச் செய்தது. 32 அங்குல சாதாரண டிவியில் புள்ளிகள் பெரிது. பக்கத்தில் உட்கார்ந்து எக்செல் பார்த்தால் எழுத்து பிசிறடிக்கும். பேரன் ஆல்பம் பார்க்கச் சரி.

மாட்டியதும் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அதில் எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் தனித்தனியாகும். மவுஸ் ஒரு பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு அடுத்த திரைக்குப் போகவில்லை என்றால், டிஸ்பிளே செட்டிங்கில் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும். மேஜையில் எது இடம், எது வலமோ அப்படியே அந்தக் கட்டங்களை இழுத்து வையுங்கள். இதற்காக ஆள் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன்.

உட்காரும் விஷயம் இதைவிட முக்கியம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம் ஒரு கை நீட்டும் அளவு. இரண்டையும் சமமாகப் பார்க்கிறவர்கள் இரண்டும் சேரும் இடத்துக்கு நேரே உட்காரலாம். ஒன்றையே அதிகம் பார்க்கிறவர்கள் அதை நேரே வைத்துவிட்டு மற்றதைப் பக்கத்தில் சற்றுத் திருப்பி வையுங்கள். நாள் முழுக்க ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி வைத்திருந்தால் இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். நம் பால்கனியிலிருந்து எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி சரியான தூரம். நிரம்பி வழிகிறதா என்றும் பார்த்த மாதிரி ஆகும்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பைஃபோகல் அல்லது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு, கண் மட்டத்தில் திரை என்ற விதி சரிவராது. பக்கத்தில் பார்க்கும் பவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதனால் திரையைப் படிக்கத் தாடையைத் தூக்குவோம். அரை மணி நேரம் அப்படி இருந்தால் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும். கழுத்து வலி என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள், முதலில் மானிட்டரை இரண்டு மூன்று அங்குலம் இறக்கி, மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். கண் டாக்டரிடம் கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்டாலும் எழுதித் தருவார். எழுத்து சின்னதாக இருந்தால் முன்னால் குனிய வேண்டாம். டிஸ்பிளே செட்டிங்கில் 125 அல்லது 150 சதவீதம் என்று பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வீடுகள் நம்மிடம் கணிசமாக இருக்கின்றன. ரசீது கொடுக்கப் போகும்போது பார்க்கிறேன். பல வீடுகளில் உள்ளறையில் ஒரு மேஜை, சக்கர நாற்காலி, இரண்டு மானிட்டர், கதவு சாத்தியிருக்கும். அங்கே அவர் இருப்பார். கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் ஒரு லேப்டாப், அதற்கு இந்தப் பக்கம் ஊறுகாய் பாட்டில், அந்தப் பக்கம் பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டு. அங்கே அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்திருப்பாள். காலிங் பெல் அடித்தால் எழுவது அவள். குக்கர் விசிலை எண்ணுவதும் அவள். கூரியர் வாங்குவதும், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவதும் அவள்தான். மாதச் சம்பளம் இருவருக்கும் வருகிறது. சில வீடுகளில் அவளுக்குத்தான் அதிகம்.

ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கிறது. "அவருக்கு நிறைய கால் இருக்கும் ஆன்ட்டி." இவளுக்கு மட்டும் என்ன, வேலையில் நாளெல்லாம் தபாலா ஒட்டுகிறாள்? "எனக்குப் பழகிடுச்சு ஆன்ட்டி" என்பாள் அடுத்ததாக. கழுத்துக்குப் பழகவில்லையே. லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் திரை தாழ்ந்து தலை குனியும். கண்ணுக்கு வசதியாகத் தூக்கினால் கை தொங்கும். சாப்பாட்டு மேஜையில் எட்டு மணி நேரம் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிசியோதெரபிஸ்ட் பில்லே சாட்சி.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும், அடையாளம் சொல்லாமல், அனுமதி வாங்கிக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் சரிபார்க்கிற வேலை. பாலிசி ஒரு பக்கம், மருத்துவமனை பில் ஒரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டு வரி வரியாக டிக் போட வேண்டும். நான் வங்கியில் பார்த்த வேலைக்கு அக்கா தங்கை மாதிரி. ஒரு 14 அங்குல லேப்டாப்பில் அதைச் செய்துகொண்டிருந்தாள். தலைசுற்றல், கழுத்துவலி, எம்.ஆர்.ஐ. வரைக்கும் போயாகிவிட்டது. பிழை விழுந்தால் மதிப்பெண் குறையும், குறைந்தால் அப்ரைசலில் அடி. வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதே வீட்டில் பையன் அறையில் 27 அங்குலம் ஒன்று, 24 ஒன்று என இரண்டு மானிட்டர், கேம் விளையாட. பையன் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேனில் ஏறினால் மூன்றரைக்குத்தான் திரும்புகிறான். அந்த ஏழரை மணி நேரமும் இரண்டு திரையும் கறுப்பாக நிற்கின்றன. அம்மா பத்தடி தள்ளி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கே தோன்றவில்லை. "அது அவனோடது ஆன்ட்டி" என்றாள். யாருக்கு வாங்கினோம் என்பது ஒரு கேள்வி, இந்த நேரத்தில் யாருக்குத் தேவை என்பது இன்னொரு கேள்வி என்று சொன்னேன். வங்கியில் ஒரு கவுண்டர், இரண்டு ஷிஃப்ட் என்று ஓட்டியிருக்கிறோம். ஒரு டிராயர், இரண்டு சாவி. இப்போது அந்த வீட்டில் எட்டிலிருந்து மூன்று வரை அந்த அறை அம்மாவுடையது. அவளுடைய லேப்டாப்பிலிருந்து ஒரு ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் மட்டும் புதிதாக வாங்கினார்கள், முந்நூறு ரூபாய். விசைப்பலகையும் மவுஸும் ஏற்கெனவே அங்கே இருந்தவைதான். மூன்று மணிக்குப் பிறகு பையன். வேலையை விடுகிற பேச்சு இப்போது இல்லை. கழுத்து முழுதாகச் சரியாகவில்லை, குறைந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதுதான் பெரிய விஷயம் என்று அவளே சொன்னாள்.

தனி அறைக்கு வழியே இல்லாத வீடுகளுக்கு மடக்கி வைக்கிற போர்ட்டபிள் மானிட்டர் என்று ஒன்று வருகிறது. 15.6 அங்குலம், எடை ஒரு கிலோவுக்குள். சி-டைப் ஒயர் ஒன்று செருகினால் பெரும்பாலும் மின்சாரமும் படமும் அதிலேயே வந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு மேஜையைக் காலி செய்யும்போது அலமாரியில் சொருகிவிடலாம். லேப்டாப்பை இரண்டு பழைய டைரக்டரி மேல் ஏற்றி, தனி விசைப்பலகை வைத்தாலே பாதி வலி போகும். இடக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 24 அங்குல மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். இரண்டு வைத்தால் 106. நாலடி மேஜை 122. இடிக்காமல் உட்காரும். அதைவிடச் சின்ன மேஜை என்றால் மேஜை விளிம்பில் இறுக்கும் கைத்தாங்கி கிடைக்கிறது. மானிட்டரின் முதுகில் நாலு திருகுத் துளை 10 சென்டிமீட்டர் இடைவெளியிலோ 7.5 இடைவெளியிலோ இருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் அந்தத் துளையே இருக்காது, பார்த்து வாங்குங்கள்.

விளையாட்டு பற்றியும் தலைப்பில் இருக்கிறது. பிள்ளைகள் பின் வரிசையில் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு குரு நம் கட்டடத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவர். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது: விளையாட்டை இரண்டு திரையில் விரித்தால் பயனில்லை. துப்பாக்கி குறி சரியாக நடுவில், இரண்டு மானிட்டரின் சட்டம் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் விரிப்பதென்றால் மூன்று வேண்டும், கார் பந்தயத்துக்கும் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கும். நடுவில் சாலை, இரு பக்கமும் கண்ணாடி ஜன்னல் மாதிரி. 2009-ல் ஏ.எம்.டி. நிறுவனம் ஐஃபினிட்டி என்று இதற்காகவே ஒரு வசதி கொண்டுவந்தது. சாதாரணமாக விளையாடுகிறவர்கள் ஒன்றில் விளையாட்டும் மற்றதில் நண்பர்களோடு அரட்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் தப்பில்லை. நாங்கள் கேரம் ஆடும்போது பேசாமலா ஆடினோம்? பெரியவர்களும் ஒன்றில் சதுரங்கம், ஒன்றில் கிரிக்கெட் ஸ்கோர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: ஆன்லைன் தேர்வுகள் பலவற்றில் இரண்டாவது திரை கூடாது. முன்தினமே ஒயரைக் கழற்றிவிடுங்கள், தேர்வு தொடங்குகிற நேரத்தில் பதற்றம் வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாவிட்டால் நான் வங்கியில் இருந்ததற்கே அர்த்தமில்லை. வீடியோ மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது முழுத் திரை என்று கொடுக்காதீர்கள். எந்த ஜன்னலைக் காட்ட வேண்டுமோ அதை மட்டும் கொடுங்கள். இரண்டு திரை இருக்கும்போது எதைப் பகிர்ந்தோம் என்பது மறந்துபோகும். நெட் பேங்கிங்கில் இருப்புத் தொகை ஊருக்கே தெரியும். அதைவிட ஆபத்து, போனில் யாரோ அழைத்து, வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீஸ் பேசுகிறோம், இந்த ஆப்பைப் போட்டு உங்கள் திரையை எங்களுக்குக் காட்டுங்கள் என்பது. எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. போனை வைத்துவிடுங்கள். மரியாதைக்காகப் பேச்சைத் தொடர வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

மின்சாரச் செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் சுமார் 20 வாட். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் நாலரை யூனிட். மின்வாரியம் கணக்கெடுக்கிற இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. யு.பி.எஸ்.ஸிலும் தாராளமாக மாட்டலாம். லேசர் பிரின்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

கடைசியாக, கீழே பார்க்கிங்கில், பம்ப் அறைக்குப் பக்கத்தில், பழைய மானிட்டர்கள் ஏழெட்டு கிடக்கின்றன. யாருடையவை என்று தெரியாது. அவற்றில் தட்டைத் திரை உள்ளவை வேலை செய்யுமா என்று மேற்சொன்ன தம்பி பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலை செய்பவற்றை இரண்டாவது திரை தேவைப்படுகிற வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதல் உரிமை. வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால் மாற்றிச் செருகும் சின்ன ஒயர் போதும். பழைய பெட்டி மானிட்டர்களைப் பேப்பர்காரரிடம் போட வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, செம்புக்காக உடைத்தால் உடைக்கிறவருக்குத்தான் கேடு. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிதாக நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரை வரவழைத்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்போம். உங்களுடையது அங்கே இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரு நிமிடம் சார். இரண்டு திரை வைத்துத் தேடியும் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத பராமரிப்புத் தொகை நான்கு, சென்ற காலாண்டிலிருந்து சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கிறது. பணம் அனுப்பும்போது குறிப்பு என்ற இடத்தில் பிளாக்கும் வீட்டு எண்ணும் போடுங்கள், வேறெதுவும் எழுத வேண்டாம். இரண்டு வீடுகளிலிருந்து "நன்றி" என்று மட்டும் குறிப்பு வந்திருக்கிறது. அந்த நான்கின் தேதியும் குறிப்பு எண்ணும் இந்தத் தாளில் இருக்கின்றன. டீ சாப்பிடும்போது வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.